பென்சில் எழுத்து நின்றது: ஒரு பொறியாளரின் வாழ்க்கையைக் குடும்பம் தொகுத்த அனுபவம்

பின்னணி

2023 ஜனவரியில், பொங்கல் கழிந்த இரண்டாவது வாரம், ஈக்காட்டுத்தாங்கலில் தன் சொந்த வீட்டில் பெரியப்பா காலமானார். வயது 79. 1966 முதல் 2001 வரை பொதுப்பணித் துறையில் சிவில் என்ஜினியராக இருந்தவர். ஜூனியர் என்ஜினியராகச் சேர்ந்து செயற்பொறியாளராக ஓய்வு பெற்றார். முதலாண்டு நினைவு நாளுக்குள் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் போடுவது என்று வீட்டில் பேசி, அந்த வேலையை என்னிடம் கொடுத்தார்கள். அதில் என்ன கிடைத்தது, எங்கே தவறினோம், எந்த முடிவை எதற்காக எடுத்தோம் என்பதை நடந்த வரிசையில் எழுதுகிறேன். யார் பெயரையும் சொல்லவில்லை. இதே வேலையில் இறங்கப் போகும் இன்னொரு குடும்பத்துக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் நிலையையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். என் அப்பா அவருக்குக் கடைசித் தம்பி. அப்பாவின் படிப்புச் செலவு முழுவதும் பெரியப்பாவின் சம்பளத்திலிருந்து போனது. அதனால் நான் நடுநிலையான ஆள் கிடையாது. நன்றிக்கடன் உள்ள ஒருவன் எழுதுவது என்று வைத்துக்கொண்டே படிக்கலாம்.

ஊர் செய்யாறு பக்கம். 1960இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்தார். அது 1794இல் எட்டுப் பையன்களோடு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்வார். தன் படிப்பைப் பற்றி அவர் சொல்லி நாங்கள் கேட்டது அது ஒன்றுதான். வேலையில் முதல் ஏழு ஆண்டுகள் பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டத்தில், பொள்ளாச்சிப் பக்கம் கால்வாய்ப் பணி. 1969இல் கல்யாணம். 1974 தொடக்கத்தில் கட்டடப் பிரிவுக்கு மாற்றலாகிச் சென்னை வந்தார். அதன் பிறகு இரண்டு முறை வெளியூர் போட்டார்கள். அப்போதும் குடும்பம் சென்னையிலேயே இருந்தது, அவர் சனிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு திரும்புவார். ஒரு மகன், ஒரு மகள். எனக்கு அண்ணனும் அக்காவும்.

வீட்டில் வேலையைப் பற்றிப் பேச மாட்டார். வேலையிடத்தில் வீட்டைப் பற்றிப் பேச மாட்டார். பின்னால் எங்களுக்கு வந்த சிக்கல் எல்லாம் இங்கிருந்துதான் ஆரம்பம்.

பதினாறாம் நாள்

காரியத்துக்கும் படத்திறப்புக்கும் நிறையப் பேர் வந்தார்கள். முகம் தெரியாத முதியவர்கள் பலர் இருந்தார்கள். கேட் ஓரம் செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, "ஐயாகிட்ட வேலை பார்த்த மேஸ்திரி நான். கலவையில தண்ணி எவ்வளவுன்னு ஐயா வாளிக் கணக்குல விட மாட்டாரு, கையில புடிச்சுப் பார்ப்பாரு" என்று சொன்னார். அண்ணன் கும்பிட்டு, "சாப்பிட்டுப் போங்க" என்றார். அவர் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அவர் பெயரை, ஊரை, போன் நம்பரை யாரும் வாங்கவில்லை. அன்றைக்கு வந்த வேறு யாருடையதையும் வாங்கவில்லை. பந்தி, பந்தல், ஐயருக்குத் தட்சிணை என்று எல்லாருக்கும் ஆளுக்கொரு வேலை இருந்தது. வாசலில் ஒரு நோட்டும் பேனாவும் வைக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

முதல் வரைவு

மார்ச் மாதம் நான் எழுதிக் கொடுத்தது எட்டுப் பக்கம். பிறப்பு, படிப்பு, வகித்த பதவிகள், மேற்பார்வை செய்த கட்டடங்கள், கடைசியில் "அன்பான கணவர், பாசமுள்ள தந்தை" என்று ஒரு பத்தி. பெரியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

"நல்லா எழுதியிருக்க. இதுல உங்க பெரியப்பா எங்க இருக்காரு?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அந்தத் தாளில் பெயரை மாற்றினால் அந்தக் காலத்து எந்த என்ஜினியருக்கும் பொருந்தும். வேலையைச் சொல்லும் ஏழு பக்கத்தில் வீடு இல்லை, வீட்டைச் சொன்ன ஒரு பத்தியில் நடந்தது என்று ஒன்றுகூட இல்லை. அதைத் தூக்கி வைத்துவிட்டு, அவர் கையால் எழுதியது என்ன இருக்கிறது என்று தேடலாம் என்றேன். பெரியம்மா கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியைக் காட்டினார்.

பெட்டியில் இருந்தது

34 லெவல் புத்தகங்கள் (நிலத்தின் ஏற்ற இறக்கத்தை அளந்து குறிக்கும் நோட்டுகள்), 29 பாக்கெட் டைரிகள், நூலால் கட்டிய ஒரு கடிதக் கட்டு. முடிந்த வேலையை அளந்து பதியும், அலுவலகத்துக்குச் சொந்தமான அளவுப் புத்தகம் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் முறையாக ஒப்படைத்துவிட்டுத்தான் ஓய்வு பெற்றிருக்கிறார். இவை அவரே காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்ட சொந்தக் குறிப்புகள்.

இந்தப் பெட்டி 2015 வெள்ளத்தில் நனைந்தது. அந்த வருடம் நவம்பரில் மட்டும் சென்னையில் 100 சென்டிமீட்டருக்கு மேல் மழை. டிசம்பர் 1ஆம் தேதி மறுபடி கொட்டி, இரவில் அடையாறு கரை தாண்டியது. எங்கள் தெருவில் பல வீடுகளில் மார்பளவுத் தண்ணீர். பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு சாண். பெட்டி தரையில் இருந்தது.

அப்போது அவருக்கு 72 வயது. வெயில் வந்ததும் புத்தகங்களை மொட்டை மாடியில் விரித்து, பக்கத்துக்கு ஒரு கூழாங்கல் வைத்துக் காயவைத்தாராம். ஏழெட்டு வருடம் கழித்து நாங்கள் பிரித்துப் பார்த்தபோது ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. கடிதங்கள் மைப் பேனாவில் எழுதியவை. அநேகமாக எல்லாமே நீலக் கறையாகிவிட்டன. 1970இல் பெரியம்மா முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தபோது எழுதியவையும் அதில் போயின. லெவல் புத்தகத்தைப் பென்சிலில்தான் எழுதுவார்கள், மழையிலும் கரையக் கூடாது என்பதற்காக. அந்தப் பழக்கத்தில் டைரியையும் அவர் பென்சிலிலேயே எழுதியிருந்தார். கூழாகிப்போன முதல் சில டைரிகள் தவிர மற்றவற்றில், தாள் பழுத்து, ஓரம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் எழுத்து அப்படியே நின்றது.

லெவல் புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு சரிபார்ப்பு உண்டு. பின்பார்வைகளின் (மட்டம் தெரிந்த புள்ளியைப் பார்த்து எடுத்த அளவுகள்) கூட்டுத்தொகைக்கும் முன்பார்வைகளின் (அடுத்த புள்ளியைப் பார்த்து எடுத்த அளவுகள்) கூட்டுத்தொகைக்கும் உள்ள வித்தியாசம், முதல் மட்டத்துக்கும் கடைசி மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு ஒத்துவர வேண்டும். வந்தால் ஒரு டிக் போடுவார். டைரியில் மாதக் கடைசிப் பக்கத்தில் வீட்டு வரவு செலவுக்கும் அதே மாதிரி கட்டம், அதே டிக். "தம்பி ஹாஸ்டல் 65", "அம்மாவுக்கு 40", "பால் 22" என்று ஓடும் அந்தக் கணக்கில் என் அப்பாவின் கல்லூரி நாட்களை மாதம் மாதமாக என்னால் பார்க்க முடிந்தது. அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்ய முடியாமல் பெட்டியை மூடிவிட்டு வந்தேன்.

அப்புறம் 1974 அக்டோபர் பக்கம். அக்கா எழும்பூர் ஆஸ்பத்திரியில் பிறந்த நாள்.

"ஸ்லாப் கான்கிரீட். காலை 7.10 முதல் இரவு 9.40 வரை. இடையில் நிறுத்தவில்லை. 3 மணிக்கு மிக்சர் ரிப்பேர், கைக்கலவை. 10.50 எழும்பூர். பெண். 2.9 கிலோ. இருவரும் நலம்."

அதிலிருந்து 28ஆம் நாள் பக்கத்தில் இரண்டே வரி:

"க்யூப் 28 நாள்: 171, 168, 180. பாப்பா 3.6 கிலோ."

சிவில் வேலை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கான்கிரீட் போடும்போதே அதே கலவையில் 15 சென்டிமீட்டர் கனசதுரக் கட்டிகள் சிலவற்றை எடுத்து வைப்பார்கள். அவற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, 28ஆம் நாள் இயந்திரத்தில் நசுக்கிப் பார்ப்பார்கள். அந்தக் காலத்து அளவில் சாதாரணக் கூரைத் தளத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 150 கிலோ தாங்க வேண்டும். அவர் போட்ட தளம் நன்றாகவே தாங்கியிருக்கிறது. தளத்துக்கும் குழந்தைக்கும் ஒரே நாள் வயது. இரண்டையும் ஒரே பென்சிலால் எழுதியிருக்கிறார்.

முதல் வரைவு ஏன் தோற்றது என்பது எனக்கு இந்த இரண்டு வரியில்தான் புரிந்தது. வேலையை ஒரு பகுதியாகவும் குடும்பத்தை ஒரு பகுதியாகவும் நாங்கள் பிரித்துப் போட்டிருந்தோம். அவர் அப்படிப் பிரித்து எழுதவே இல்லை. பதவி வாரியாகச் சொல்வதை விட்டுவிட்டு, டைரியின் நாட்களை வைத்தே புத்தகத்தை அமைப்பது என்று முடிவெடுத்தேன்.

வீட்டையும் அளந்தோம்

அண்ணனும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்போடு வீட்டைச் சுற்றி வந்தோம். 1981இல் அவரே வரைந்து கட்டிய வீடு. 1976 வெள்ளத்தில் அந்த மனையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று தெருக்காரர்களிடம் விசாரித்து, அந்த மட்டத்துக்கு மேல் 18 அங்குலம் தூக்கித் தரை போட்டிருக்கிறார். வீடு என்ன கோபுரமா என்று அக்கம்பக்கத்தில் கேட்டார்களாம்.

2015இல் தண்ணீர் வடிந்ததும் மட்டக்குழாய் பிடித்து அளந்து, காம்பவுண்டுச் சுவரில் ஆணியால் கோடு கீறியிருக்கிறார். கோடு இன்றும் இருக்கிறது. அன்றைய டைரி: "1976ஐ விட 2 அடி 3 அங்குலம் கூடுதல். நான் விட்டது 18 அங்குலம். 9 அங்குலம் போதவில்லை." தெருவே தத்தளித்த நாளில் தன் வீட்டு மாடியில் பதினோரு பேருக்கு இடம் கொடுத்து, மூன்று நாள் கஞ்சியும் கொதிக்கவைத்த தண்ணீரும் கிடைக்கப் பார்த்துக்கொண்டவர் அவர். அது பற்றி டைரியில் ஒரு வரி இல்லை. அதை அக்கம்பக்கத்தார் சொல்லித்தான் எழுதினோம்.

சமையல்கட்டு மேடையை வழக்கமாக 33, 34 அங்குல உயரத்தில் வைப்பார்கள். இந்த வீட்டில் 30. பெரியம்மா குள்ளம். அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்த பிறகு, எதிர்ச்சுவரில் 34 அங்குலத்தில் இன்னொரு மேடை. பெரியம்மாவுக்கு மூட்டு வலி வந்ததும் வாசல் படிகளை இடித்து, ஏழு அங்குல உயரத்தை ஐந்தாகக் குறைத்து, இரண்டு படி கூடுதலாகப் போட்டிருக்கிறார். குளியலறையில் கைப்பிடி பெரியம்மாவின் உள்ளங்கை எங்கே வருமோ அங்கே. நாற்பது வருடமாக நாங்கள் புழங்கிய வீடு. அன்றைக்குத்தான் இதையெல்லாம் பார்த்தோம்.

ஜெமினி மேம்பாலம்

இங்கே ஒரு சங்கடம் வந்தது. "ஜெமினி மேம்பாலம் எங்க அப்பா கட்டினது" என்று அண்ணன் பள்ளிக்கூட நாளிலிருந்து சொல்லி வருகிறார். குடும்பத்தில் எல்லாரும் நம்பினோம். முதல் வரைவிலும் அது இருந்தது. அந்த மேம்பாலம் திறந்தது 1973இல். டைரிப்படி அந்த ஆண்டு முழுவதும் அவர் பொள்ளாச்சிப் பக்கம் கால்வாயில் இருந்தார். அந்த வருடம் ஆகஸ்டில் உறவுக்காரக் கல்யாணத்துக்குச் சென்னை வந்திருக்கிறார்: "பையனைத் தோளில் வைத்துக்கொண்டு புது மேம்பாலம் பார்த்தேன். ஒரு மணி நேரம். அடியில் நின்று தூண்களைக் காட்டினேன். தூங்கிவிட்டான்."

அண்ணனுக்கு அப்போது மூன்று வயது. தூணைக் காட்டிய கை மட்டும் நினைவில் தங்கி, பிறகு அது கட்டிய கையாக மாறியிருக்க வேண்டும். புத்தகத்திலிருந்து இதை எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அண்ணன் கோபப்பட்டார், இரண்டு வாரம் பேசவில்லை. நான் விட்டுக்கொடுக்கவில்லை. சரிபார்க்காமல் டிக் போடாத ஒரு மனிதரைப் பற்றிய புத்தகத்தில் சரிபார்க்காத ஒரு வரி இருக்கக் கூடாது என்று நினைத்தேன். கடைசியில் டைரிப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டு, "அந்தப் பக்கத்தையே போட்டுடு" என்றார்.

அதிலிருந்து ஒரு முறை வைத்துக்கொண்டோம். அவர் கைப்படக் கிடைத்தது, இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்னது, ஒருவர் மட்டும் சொன்னது என்று மூன்றாகப் பிரித்தோம். மூன்றாவது வகை என்றால் யார் சொன்னது என்பதோடு சேர்த்தே எழுதினோம்.

மேஸ்திரியைத் தேடியது

டைரிகளில் ஆள் பெயர்கள் நிறைய. விலாசம் கிடையாது. ஓய்வூதியர்கள் வழியாக, பழைய ஒப்பந்தக்காரர்களின் பிள்ளைகள் வழியாக ஒவ்வொன்றாகத் தேடினோம். பொள்ளாச்சி நாட்களில் அவருக்கு லஸ்கராக, அதாவது கால்வாய் வேலையில் கூட இருந்த உதவியாளாக, இருந்தவரின் வீடு ஜூலையில் கிடைத்தது. நாங்கள் போனபோது அவர் படத்துக்கு மாலை போட்டிருந்தது. இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. முதல் வரைவில் நான் செலவழித்த இரண்டு மாதம் அங்கே உறைத்தது. 1966 முதல் 1970 வரையிலான டைரிகள் வெள்ளத்தில் கூழாகிவிட்டதால், அந்த வருடங்களைச் சொல்ல அவர் ஒருவர்தான் மிச்சம் இருந்தார். புத்தகத்தில் அந்த ஆண்டுகள் அரைப் பக்கத்துக்கு மேல் வரவில்லை.

கேட் ஓரம் நின்ற மேஸ்திரியை ஆகஸ்டில் வியாசர்பாடியில் கண்டுபிடித்தோம். அக்கா கோயம்புத்தூரிலிருந்து வந்து கூடவே வந்தாள். 1974 அக்டோபர் நாளை அவர் மறக்கவில்லை.

"மத்தியானம் மெசின் நின்னு போச்சு. பாதி ஸ்லாப் கிடக்கு. கையால கலக்கச் சொல்லிட்டு ஐயா பக்கத்துலயே நின்னாரு. அவரு போயிருந்தா நாங்க தண்ணிய ஊத்திக் கலவையை இளக்கியிருப்போம், பொய் சொல்ல மாட்டேன். முடிச்சப்புறம்தான் சொன்னாரு, வீட்டுல வலி எடுத்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்கன்னு. நாங்க திட்டினோம், ஏன் ஐயா காலையிலயே சொல்லலன்னு."

கூரைத் தளத்தைப் பாதியில் நிறுத்தினால் போட்டது இறுகிவிடும். மறுநாள் போடுவது அதோடு சரியாகச் சேராது, பிறகு அந்த இணைப்பில்தான் மழைத் தண்ணீர் இறங்கும். அது ஒரு பள்ளிக்கூடக் கட்டடம். அவர் ஏன் நகரவில்லை என்பதற்கு டைரி காரணம் சொல்லவில்லை, மேஸ்திரி சொன்னார். ஆட்கள் ஆளுக்கு எட்டணா போட்டுக் குழந்தைக்குத் துணி வாங்கிக் கொடுத்ததாகவும் சொன்னார். பெரியம்மாவுக்கு அப்படி ஒரு துணி நினைவில் இல்லை. மேஸ்திரி சொன்னது என்றே எழுதினோம்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் அக்கா பேசவே இல்லை. தான் பிறந்தபோது அப்பா வரவில்லை என்பது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குறை. சைதாப்பேட்டை தாண்டியதும், "10.50ன்னு டைம் எழுதியிருக்காருடா" என்றாள்.

சேர்ப்பதா, விடுவதா

அந்த நாளைப் புத்தகத்தில் போடுவதா என்பதில் இரண்டு கருத்து இருந்தது. மனைவிக்கு வலி எடுத்திருக்கும்போது கான்கிரீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று படிப்பவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று அண்ணன் தயங்கினார். அந்தத் தயக்கம் நியாயம்தான். எனக்கே அவர் செய்தது சரியா என்பதில் முழுத் தெளிவு இல்லை. காலையிலேயே மேலதிகாரியிடம் சொல்லி வேறு ஒரு என்ஜினியரைக் கேட்டிருக்கலாம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

முடிவைப் பெரியம்மாவிடம் விட்டோம். அது அவருடைய நாள். "போடு. அவர் வரலன்னு ரெண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசல. அதையும் போடு" என்றார். இரண்டும் அப்படியே அச்சாகின.

விட்டதும் உண்டு. சில ஒப்பந்தக்காரர்களைப் பற்றி டைரியில் கடுமையான குறிப்புகள் இருந்தன. அவர்கள் பதில் சொல்ல இன்று இல்லை, பிள்ளைகள் இருக்கிறார்கள். அவற்றை எடுத்துவிட்டோம். தம்பி தங்கைகளுக்குக் கொடுத்த கடன் கணக்கையும் விட்டோம். அவர் உயிரோடு இருந்தபோது யாரிடமும் திருப்பிக் கேட்டதில்லை.

பிறகு நடந்தது

2024 ஜனவரி நினைவு நாளுக்கு 40 பக்கத்தில் புத்தகம் வந்தது. 60 பிரதி. ஈக்காட்டுத்தாங்கல் வீட்டுக் கூடத்தில், பேத்தி இரண்டு பக்கம் வாசித்தாள். ஒன்று மேம்பாலம், இன்னொன்று 28 நாள். மேஸ்திரி மகனோடு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து கேட்டார். போகும்போது மூன்று பிரதி வாங்கிக்கொண்டார். இந்த முறை வாசலில் நோட்டு வைத்திருந்தோம். அதில் விழுந்த ஒன்பது பேருடைய எண்களில் ஆறு பேரிடம் இதுவரை பேசியாயிற்று.

லெவல் புத்தகங்களையும் டைரிகளையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து மூன்று வீடுகளில் வைத்திருக்கிறோம். அசல் பெட்டி இப்போது மாடியில், பரண் மேல்.

மாற்றிச் செய்வதென்றால்

பதினாறாம் நாளன்றே வாசலில் நோட்டு வைப்பேன், அதற்கென்று ஒரு ஆளை உட்காரவைப்பேன். எழுதத் தொடங்குவதற்கு முன்பே, வயதில் மூத்தவர் யாரோ அவரிடம் முதலில் போவேன். பெட்டி எங்கும் ஓடிவிடாது, லஸ்கரும் மேஸ்திரியும் அப்படி இல்லை. ஒட்டிக்கொண்ட பக்கங்களை அவசரப்பட்டுக் கையால் பிரித்ததில் ஒரு டைரியில் பதினைந்து பக்கம் போல் கிழிந்தது. பழந்தாள் கையாளத் தெரிந்தவர்களிடம் முதலிலேயே காட்டியிருக்க வேண்டும். அண்ணனிடம் மேம்பாலத்தைப் பற்றிப் போனில் சொல்லியிருக்கக் கூடாது, பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் போயிருக்க வேண்டும்.

பெரியம்மாவையும் நாங்கள் அவரைப் பற்றி மட்டும்தான் கேட்டோம். இந்த வருடம் தை மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அக்கா போனில் கேட்க, பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்கிறாள். "என்கிட்ட என்ன இருக்கு சொல்ல" என்று முதல் வாரம் மறுத்தார். இரண்டாவது வாரம், பொள்ளாச்சி காம்ப் குவார்ட்டர்ஸில் விறகு அடுப்பில் முதல் நாள் வைத்த ரசத்திலிருந்து ஆரம்பித்தார். பேத்தி பென்சிலில் குறித்துக்கொள்கிறாள்.